ஏழு-ஆ பத்தி

தடா தாண்டித் தொழிற்பேட்டையின் கடைசிக் கொட்டகை.
உள்ளே எந்நேரமும் இருபத்திரண்டு டிகிரி,
எங்களுக்காக இல்லை, தாளுக்காக.
ஈரம் ஏறினால் தாள் சுருண்டு சிக்கும்.

மும்பையில் ஒரு கணக்கு முடிகிறது.
ஹைதராபாத்தில் அதற்குச் சட்டை மாட்டுகிறார்கள்:
பெயர் இங்கே, தொகை அங்கே, முத்திரை வலது மூலையில்.
பிறகு என் வாசலில் வந்து வரிசையில் நிற்கும்
மாதத்துக்கு நாற்பத்தோரு லட்சம் கடிதம்,
ஒன்றைக்கூட யாரும் எழுதாமல்.
வார்ப்பு செய்வது என் வேலை.
தவணை கட்டியிருந்தால் மூன்றாம் பத்தி,
கட்டாவிட்டால் நான்கு,
இறந்திருந்தால் ஏழு-ஆ.

மொழியை அஞ்சல் எண் தீர்மானிக்கும்.
ஐந்நூற்று இருபத்துநான்கில் தொடங்கினால் தெலுங்கு,
அறுநூற்று ஒன்று என்றால் தமிழ்.
இந்த விதியை எழுதினவர் வரைபடம் பார்த்திருப்பார்,
ஆரம்பாக்கத்தில் டீ குடித்திருக்க மாட்டார்.
அங்கே தெலுங்கில் கேட்ட டீக்குத்
தமிழில் சில்லறை திரும்பும்.

எழுத்துரு பழசானால் ஒரு கூத்து நடக்கும்.
மெய்யைத் தொலைத்த உயிர்க்குறி
ஒண்ட இடமில்லாமல் நிற்கும்.
எந்திரம் இரங்கி
அதன் பக்கத்தில் புள்ளிகளால் ஒரு வட்டம் போடும்,
காலி மனைக்கு வேலி கட்டின மாதிரி.
பிழைப் பட்டியலில் அதற்குத் தரம்: சிறியது.

ஆடியில் ஒரு செவ்வாய்.
கேட்டிலிருந்து தேசிங்கு கூப்பிட்டான்.
'மேடம், கவரோட ஒரு அம்மா.
சேராவிட்டால் திருப்பு என்று பின்னால் போட்டிருக்கும் முகவரியைத்
தேடியே வந்திருக்கு.'

மஸ்தானம்மா. இறால் கிடங்கில் ஐஸ் உடைக்கிறவள்.
வீடு ஆரம்பாக்கம், படித்தது தெலுங்கு, நாலாம் வகுப்பு.
கவர் ஓரம் ஒரு பிசிறில்லாமல் கிழிந்திருந்தது.
பக்கத்து வீட்டுப் பையன் எழுத்துக் கூட்டிப் படித்தானாம்,
படித்து முடித்து அவனும் முழித்தானாம்.

நான் வாசித்தேன்.
'மேற்படி பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்குக்
கொண்டுவரப்படுவது யாதெனில்'
அங்கேயே மூச்சு முட்டியது.
இந்தப் பத்தியின் வரி இடைவெளியை
மூன்று நாள் சரி பார்த்தவள் நான்.
வாயால் சொல்லிப் பார்த்ததே இல்லை.

தெலுங்கில் சொன்னேன்:
டப்பு உந்தம்மா, ஒக சந்தகம் காவாலி.
பணம் இருக்கு, ஒரு கையெழுத்து வேணும்.
ஒன்றரைப் பக்கத்திலும் இருந்தது அவ்வளவுதான்.
இன்னொன்றும் இருந்தது: முப்பது நாள் கெடு.
இருபத்தெட்டு போயிருந்தது.

அவள் அவசரப்படவில்லை.
புருஷன் பெயரில் விரலை வைத்தாள்.
கோட்டய்யா.
ககரம் எங்கேயோ விழுந்து
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் அந்தப் புள்ளி வட்டம்.
'அச்சுப் பிழைம்மா' என்றேன்.
'ஓ' என்றாள்.
'செத்தவங்க பேருக்கு இப்படித்தான் போடுவீங்கன்னு
நான் நினைச்சுக்கிட்டேன்.'

தேசிங்கின் பைக்கில் கும்மிடிப்பூண்டிக் கிளைக்கு அனுப்பினேன்.
கையெழுத்து ஆனதாகச் சாயங்காலம் சொன்னான்,
ஜெராக்ஸுக்கு எட்டு ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மாற்றக் கோரிக்கை போட்டேன்:
மொழியை அஞ்சல் எண்ணிடம் கேட்காதீர்கள், ஆளிடம் கேளுங்கள்.
ஒரு கட்டம் கூடினால் பதினோரு அமைப்புகளைத்
தொட வேண்டியிருக்கும் என்று பதில் வந்தது.
நிலை: பரிசீலனையில்.
ஏழு-ஆவை நாலு வரியாக்கி அனுப்பினேன்.
சட்டத் துறை அதைப் பழையபடி நீட்டித்
திருப்பி அனுப்பியது, யாதெனிலுக்குப் பின்
ஒரு காற்புள்ளி கூடுதலாக.
எழுத்துருவை மட்டும் ஒரே நாளில் மாற்றிவிட்டார்கள்.
அது சிறிய பிழைதானே.

இந்த மாதம் ஏழு-ஆ
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
ஒவ்வொரு கட்டிலும் ஒரு தாளை உருவிச்
சத்தமாகப் படிக்கிறேன் இப்போதெல்லாம்.
எந்திர இரைச்சலில் யாருக்கும் கேட்காது.
காற்புள்ளியில்
மூச்சு விட்டுக்கொள்கிறேன்.